வேலையைக் கையளித்தவர்கள்: ஐரோப்பிய அமைப்புகளின் பண்பாட்டுக் கூட்டுறவும் மரக்காணம் உப்புக் கரையும்



ஐரோப்பிய அரசுகளின் கூட்டமைப்புகள் தங்களுக்குள் பண்பாட்டுப் பணியை எப்படிப் பகிர்ந்துகொண்டன என்பதே இன்றைய பேச்சின் பொருள். அழைப்பிதழைப் பார்த்தவர்கள், அதற்கும் மரக்காணத்து உப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். தொடர்பு இருநூறு ஆண்டுப் பழையது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1815 மார்ச் 7ஆம் நாள் லண்டனில் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. போர்களில் இழந்திருந்த புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களைப் பிரான்சு திரும்பப் பெறவிருந்த நேரம் அது. சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டிலேயே உப்பு கம்பெனி அரசின் ஏகபோகமாகிவிட்டிருந்தது. விளைவிப்பவர் விளைவித்ததை அரசுக்கே தர வேண்டும். வாங்குபவர் அரசு சொன்ன விலைக்கே வாங்க வேண்டும். பக்கத்திலேயே, ஒரு வரப்பைத் தாண்டினால் வந்துவிடும் பிரெஞ்சு எல்லைக்குள் மலிவாக உப்பு கிடைத்தால் அந்த ஏகபோகம் நிற்காது. ஆகவே பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு என்றும், ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்கு என்றும் பேசி முடித்தார்கள். 1818இல் இன்னோர் உடன்பாடு. அதன்பின் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்று புதுச்சேரியில் உப்பளம் என்பது ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயர். அங்கே வெள்ளைக் குவியல்களைத் தேடினால் கிடைக்காது. அவற்றைப் பார்க்க வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குத்தான் வர வேண்டும்.

இரண்டு ஐரோப்பிய அரசுகள் மனமொத்துச் செய்த ஏற்பாடுதான் இதுவும். லண்டனில் கையெழுத்தானது, இந்தக் கரையில் நிறைவேறியது. பாத்தி மிதித்தவரையோ உப்பு வாரியவரையோ யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அரசுகள் ஒன்றுசேர்வதாலேயே மக்களுக்கு நன்மை வந்துவிடும் என்று நம்புவது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு வேண்டாம். இனி நான் சொல்லப்போகும் ஐரோப்பியக் கதைகளை எல்லாம் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்து பார்க்கிறேன். நீங்களும் அப்படியே அளந்து பாருங்கள்: தொழிலைச் செய்கிறவரைக் கேட்டார்களா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகாத நிலையில், 1948 மார்ச் 17 அன்று பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்தன. அடிப்படையில் அது தற்காப்பு ஒப்பந்தம். ஆனாலும் அதில் பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. அடுத்த ஆண்டே, 1949 மே 5 அன்று, அந்த ஐந்தும் இன்னும் ஐந்து நாடுகளும் சேர்ந்து ஐரோப்பிய மன்றத்தை நிறுவின. தலைமையகம் ஸ்ட்ராஸ்பூர். பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிக் கைப்பற்றிய எல்லை நகரம் அது. அதைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு மனத் தீர்மானம் தெரிகிறது.

இப்போது ஒரே அரசுகள் இரண்டு அமைப்புகளில் இருந்தன. ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்தன. மாணவர் பரிமாற்றம், பாடநூல், திரைப்படம், ஆசிரியர் பயணம் என்று இங்கேயும் குழு, அங்கேயும் குழு. 1954 அக்டோபர் 23 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்பாடுகளால் பிரஸ்ஸல்ஸ் அமைப்பு மேற்கு ஐரோப்பிய ஒன்றியமாக மாறியது. மேற்கு ஜெர்மனியும் இத்தாலியும் சேர்ந்து உறுப்பு நாடுகள் ஏழாயின. இரட்டை வேலை தொடர்ந்தது. எந்த அலுவலகமும் தன் வேலையைத் தானாக விட்டுக்கொடுப்பதில்லை என்பது உலகெங்கும் உள்ள அனுபவம். வேலை போனால் ஆள் போகும், பணம் போகும், பெயரும் போகும்.

ஆனால் அந்த அமைப்பு விட்டுக்கொடுத்தது. 1960இல் மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் பண்பாட்டு, சமூகப் பணிகள் அனைத்தையும் ஐரோப்பிய மன்றத்திடம் ஒப்படைத்தது. ஏழு நாடுகளுக்குள் நடந்த வேலை பதினைந்து நாடுகளுக்கு விரிந்தது. அதை ஏற்றுக்கொள்ள மன்றமும் தன்னை மாற்றிக்கொண்டது: 1962 ஜனவரி முதல் பண்பாட்டுக் கூட்டுறவுக் குழு என்ற புதிய அமைப்பு இயங்கத் தொடங்கியது. ஏழு நாடுகளும் தங்களுக்குள் இன்னும் நெருக்கமாகச் சில வேலைகளைச் செய்ய விரும்பியபோது அதற்கும் வழி செய்தார்கள். மன்றத்தின் கூரைக்குள்ளேயே, விரும்புகிறவர்கள் மட்டும் சேரும் பகுதி உடன்பாடு என்ற முறை கைகொடுத்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் தொடங்குவோம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தொடங்குகிறவர்கள் வெளியே தனிக்கடை போடவும் வேண்டியதில்லை. எனக்கு அந்த நிர்வாக ஏற்பாட்டின்மேல் பெரும் மதிப்பு உண்டு.

மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. அது ஒப்படைத்த வேலை இன்றும் நடக்கிறது.

1954ஆம் ஆண்டைச் சொன்னேன். அந்த அக்டோபரை இந்தக் கரை மறக்கக்கூடாது. அக்டோபர் 18 அன்று புதுச்சேரிக்கு அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். 21 அன்று தில்லியில் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தம் செய்தன. 23 அன்று பாரிஸ் உடன்பாடுகள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. டிசம்பர் 19 அன்று ஐரோப்பியப் பண்பாட்டு உடன்படிக்கை பாரிசில் கையெழுத்தானது. ஒரே இலையுதிர் காலத்தில் பிரான்சு இங்கே ஓர் ஆட்சியைக் கைவிட்டது. அங்கே தன் பண்பாட்டுக் கொள்கையைப் பிற நாடுகளோடு பகிர்ந்துகொள்ள இசைந்தது. ஆட்சி போன பின் புதுச்சேரியில் எஞ்சியது பண்பாட்டு நிறுவனம்தான். 1955இல் பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் அதே காலத்தில் வந்தது. அவ்விரு நிறுவனங்களும் திரட்டிய சைவ ஆகமச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. திருவிழாக்களுக்கும் பூசைகளுக்கும் வழிகாட்டும் அந்த ஓலைகள் நம் ஊர்க் கோயில்களிலிருந்தும் குருக்கள் வீடுகளிலிருந்தும் வந்தவை.

ஐரோப்பியப் பண்பாட்டு உடன்படிக்கையில் இன்னொரு சிறப்பு உண்டு. மன்றத்தில் உறுப்பினராக இல்லாத நாடும் அதில் சேரலாம். ஸ்பெயினில் அப்போது பிராங்கோவின் சர்வாதிகாரம். மன்றத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் 1957இலேயே பண்பாட்டு உடன்படிக்கையில் சேர்ந்துகொண்டது. மன்றத்தில் உறுப்பினரானது இருபது ஆண்டு கழித்து, 1977இல். சோவியத் ஒன்றியம் கலைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1991இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. பிரிட்டன் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. பண்பாட்டு உடன்படிக்கையை விட்டு வெளியேறவில்லை. அரசியலில் கதவு மூடியிருக்கும்போதும் பண்பாட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். சர்வாதிகாரிக்கு நற்சான்று கொடுப்பதாகிவிடாதா என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும், இன்றும் எழும். என் தீர்ப்பு இது: அந்த வழியாகப் போய் வந்த மாணவரும் ஆசிரியரும் நூல்களும் பிராங்கோவின் ஆட்சிக்குப் பயன்பட்டதைவிட அதற்குப் பின் வந்த ஸ்பெயினுக்கே அதிகம் பயன்பட்டார்கள்.

பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்தது ஐரோப்பிய ஒன்றியம். பணமும் அதிகாரமும் அதனிடம். மன்றத்திடம் அனுபவமும் அதிக நாடுகளும். இரண்டும் மோதியிருக்கலாம், சில இடங்களில் இன்றும் உரசல் உண்டு. ஆனால் நாம் கவனிக்க வேண்டியவை சில நடந்தன. நீலத்தில் பன்னிரண்டு விண்மீன் கொண்ட கொடியை மன்றம் 1955இல் தனக்காக ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டு கழித்து, ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் அதே கொடியைத் தனதாக்கிக்கொள்ள விரும்பியபோது மன்றம் மறுக்கவில்லை. இன்று உலகம் அதை ஒன்றியத்தின் கொடி என்றே அறிகிறது. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் பண்பாட்டுப் பிரிவில், பிற அமைப்புகளோடு, சிறப்பாக ஐரோப்பிய மன்றத்தோடு, ஒத்துழைக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். ஓர் அமைப்பின் அடிப்படைச் சட்டத்தில் மற்றோர் அமைப்பின் பெயர் கடமையாக இடம்பெறுவது அரிது.

மக்கள் நேரடியாக உணர்ந்த பயன் மரபுரிமை நாட்கள். 1984இல் பிரான்சில் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் காலத்தில், வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் நினைவுச் சின்னங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளாக அது தொடங்கியது. 1991இல் ஐரோப்பிய மன்றம் அதைப் பிற நாடுகளுக்கும் விரித்தது. 1999 முதல் மன்றமும் ஒன்றியமும் சேர்ந்தே நடத்துகின்றன. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊராட்சி, பள்ளி, சங்கம், தனி வீட்டுக்காரர் என்று யார் யாரோ கதவைத் திறக்கிறார்கள். மன்றம் 1987இல் சந்தியாகோ யாத்திரைப் பாதையோடு தொடங்கிய பண்பாட்டுப் பாதைகள் திட்டமும் அப்படித்தான். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட பாதைகள் உள்ளன. அதை நடத்த 2010இல் அமைத்ததும் ஒரு பகுதி உடன்பாடே.

இனி உப்புக்கு வருகிறேன். இந்த மேடையில் அதிக நேரம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஐரோப்பாவின் கடலோரப் பாத்திகள் பல இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சுரங்க உப்பும் எந்திர உப்பும் மலிவு. பாத்திகள் இருந்த இடம் மீன் பண்ணைக்கும் படகுத்துறைக்கும் விடுதிக்கும் தேவைப்பட்டது. பிரான்சின் கெராந்தில் 1970களில் உப்பு விவசாயிகள் எதிர்த்து நின்று, ஒன்றுகூடி, இளைஞருக்குப் பயிற்சி தொடங்கி, 1988இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2012இல் அவர்களது உப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அவர்களுள் சிலர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், விறகெரித்து உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த ஊர்களில் வெயிலால் விளைவிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அனுப்பிய வல்லுநர் ஒருவரும் அப்படிக் கற்றுத் தந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். பாத்தியில் நின்றவரே பாத்தியில் நிற்கிறவருக்குச் சொல்லித்தர முடியும்.

2000ஆம் ஆண்டையொட்டி உப்பைப் பற்றிய ஒரு கூட்டுத் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தந்தது. கிரேக்கத்தின் ஏஜியன் பல்கலைக்கழகம், போர்ச்சுகலின் ஃபிகெய்ரா டா ஃபோஸ், ஸ்லோவேனியாவின் பிரான், பல்கேரியாவின் பொமோரியெ ஆகியவை அதில் சேர்ந்தன. ஸ்லோவேனியா ஒன்றியத்தில் சேர்ந்தது 2004இல், பல்கேரியா 2007இல். உறுப்பினர் ஆகும் முன்பே உப்பளக்காரர்கள் ஒன்றாக அமர்ந்துவிட்டார்கள். பொமோரியெவில் 2002இல் உப்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பாத்திகளில் இன்றும் உப்பு விளைகிறது. பின்னர் 2010 முதல் 2012 வரை ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சு, பிரிட்டன் ஆகிய நாட்டு அட்லாண்டிக் உப்பளங்களை ஒரே பாதையாக இணைக்கும் மற்றொரு திட்டம் நடந்தது. ஸ்பெயினின் அன்யானா பள்ளத்தாக்கு 2015இல் ஒன்றியத்தின் மரபுரிமைப் பரிசைப் பெற்றது. பாழடைந்து கிடந்த மர மேடைகளைப் பழைய முறையிலேயே எழுப்பி மீண்டும் உப்பு விளைவித்ததற்காக அந்தப் பரிசு.

ஸ்லோவேனியாவின் செச்சொவ்லியெ உப்பளத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். ஏனெனில் அளத்து வேலையை முடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் அம்மாக்களுக்கு அது உடனே புரியும். பாத்தியின் அடியில் சேறு உப்போடு கலந்துவிடக்கூடாது. நாம் பருவத் தொடக்கத்தில் பாத்தியை மிதித்து மிதித்துக் கல் போல இறுக்குகிறோம். வெறுங்காலால் மிதிக்கிற அந்த வேலையில் எத்தனை வலி இருக்கிறது என்று முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். செச்சொவ்லியெவில் பாத்தியின் அடியில் நுண்ணுயிர்ப் பாசியை மெல்லிய விரிப்பாக வளர்க்கிறார்கள். ஆண்டுதோறும் அதைப் பராமரிக்கிறார்கள். அது சேற்றையும் உப்பையும் பிரிக்கிறது. உப்பு வெள்ளையாக வருகிறது. பல நூற்றாண்டாக அங்கே இந்த முறை இருக்கிறது. அதே உப்பளம் 1993இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின் கீழ், ஸ்லோவேனியாவின் முதல் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவை வந்தது என்று உப்புக்காரரை வெளியேற்றவில்லை. உப்பு விளைவிப்பதால்தான் நீரின் ஆழமும் உவர்ப்பும் பாத்திக்குப் பாத்தி மாறி, வெவ்வேறு பறவைகளுக்கு இரை கிடைக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். 2014இல் அந்த உப்புக்கும் ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெயர் கிடைத்தது.

நம் கழுவெளி ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கும் மேல். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஏரியின் நீர் உப்புக்கல்லி ஓடை வழியாக எடையந்திட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அந்த உவர்நீரின் கரையில்தான் நம் பாத்திகள். செச்சொவ்லியெவும் கழுவெளியும் ஒரே சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே உப்புத் தொழிலும் பறவைக் காப்பும் ஒரே நிர்வாகத் திட்டத்தில் வருகின்றன. இங்கே இரண்டும் சந்திப்பதே இல்லை.

ஐரோப்பியக் கூட்டுறவு நம் கரைக்கு நல்ல உருவில் வந்த நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரி நகராட்சியும், இத்தாலியின் ஊர்பினோ நகரமும், பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரமும் கைகோத்தன. இரண்டு வெவ்வேறு ஐரோப்பிய நாட்டு நகரங்கள் சேர்ந்தால்தான் ஆசிய நகரத்துக்குப் பணம் என்பது அந்தத் திட்டத்தின் விதி. மரபுரிமையைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை உள்ளூர் வேலையை ஏற்றது. வைசியாள் வீதியில் தாழ்வாரமும் திண்ணையும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்பைச் சீரமைத்தார்கள். பிரெஞ்சு வெள்ளை நகரை விட்டுவிட்டு ஐரோப்பியப் பணம் தமிழ்த் தெருவுக்கு வந்தது. வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு தூணையும் தொடவில்லை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது அந்தப் பணிக்குக் கிடைத்தது. 1815இல் கேட்கப்படாத கேள்வி இந்த முறை கேட்கப்பட்டது.

மரக்காணத்துக்கு அப்படி எதுவும் வரவில்லை. வராததற்கு ஐரோப்பாவைக் குறை சொல்ல முடியாது. கூட்டாளியாக வந்து நிற்க இந்தக் கரையில் ஒரு முகம் இல்லை.

இங்கே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் மரக்காணமே என்பது பல ஆய்வாளர் கருத்து. அந்த நூலைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இருக்கும் இடைக்கழிநாடு நமக்குச் சற்று வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவே கிடக்கிறது. கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா இதுவாக இருக்கலாம் என்பாரும் உண்டு. பூமீசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை: 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் கைக்கு வந்தது, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது, 2004 சுனாமியில் மேலும் சிதைந்தது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டிய மக்களின் உழைப்பைத் தாங்கிய பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே முடிவதும் இங்கேதான். உப்பும் விறகும் சென்னைக்குப் போன நீர்வழி அது. இவற்றோடு, நாள்தோறும் நடக்கும் உப்புத் தொழில்.

இந்தக் கடைசி ஒன்றைத்தான் எந்தப் பட்டியலும் மரபுரிமை என்று எண்ணுவதில்லை. உவர்நீரைத் தேக்கி, பாத்தி பாத்தியாக நகர்த்தி, நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவில் 25 டிகிரி தொடும்போது விளைபாத்திக்குத் திறந்துவிட வேண்டும். 30ஐ நெருங்க விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துவிடும். கருவி இல்லாமலே, நீரின் நிறத்தையும் விரலில் படும் வழுவழுப்பையும் கொண்டு அந்த நேரத்தைச் சொல்லும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் வீசினால் உப்பு பொடியாகும், எந்தப் பக்கம் வீசினால் பருமனாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களின் கண் வெள்ளை வெயிலில் கெடுகிறது, கால் வெடிக்கிறது, மழைக்காலத்தில் கூலி நின்றுபோகிறது. தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருவது நல்ல தொடக்கம். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் நிவாரணம் பெறுபவர் என்று மட்டும் அவர்களை அரசு அறிந்தால் போதாது. அவர்களை அறிவுடையவர் என்றும் அறிய வேண்டும்.

இப்போது அலுவலகங்களைப் பாருங்கள். உப்பு அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. உப்பு ஆணையரின் தலைமையகம் ஜெய்ப்பூரில். ஏரி வனத்துறையிடம். கோட்டையும் கல்வெட்டும் தொல்லியல் துறைகளிடம். கால்வாய் நீர்வளத் துறையிடம். மரக்காணம் விழுப்புரம் மாவட்டம். ஆலம்பரை செங்கல்பட்டு மாவட்டம். காலாப்பட்டு புதுச்சேரி ஒன்றியப் பகுதி. ஒவ்வொரு துறையும் தன் வேலையை அறிந்தே செய்கிறது என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவை அத்தனையும் ஒரே கரை என்று சொல்லும் ஓர் இடம் இல்லை. 1950களின் ஐரோப்பாவில் ஒரே வேலையை இருவர் செய்தார்கள். இங்கே ஒரு வேலையைப் பலர் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டு, முழுதாக யாரும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். நோய் வேறு, மருந்து ஒன்றுதான். யாராவது முதலில் தன் கையில் இருப்பதைப் பொதுவில் வைக்க வேண்டும்.

அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பகுதி உடன்பாடு என்று சொன்னேனே, அந்த முறையே போதும். விரும்பும் துறைகள் மட்டும் முதலில் கையெழுத்திடட்டும். விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகங்கள், புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறை, தமிழ்நாடு தொல்லியல் துறை, வனத்துறை ஆகியவை தொடங்கலாம். மற்றவை பிறகு சேரட்டும். உப்பளத் தொழிலாளர் சங்கங்களும் மீனவப் பஞ்சாயத்துகளும் அழைப்பாளராக அல்லாமல் உறுப்பினராக அதில் அமர வேண்டும். 2005 அக்டோபர் 27 அன்று ஐரோப்பிய மன்றம் போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் கையெழுத்துக்கு வைத்த உடன்படிக்கை, ஒரு மரபைப் பேணி அடுத்த தலைமுறைக்குத் தர விரும்பும் மக்களையே அந்த மரபுக்கு உரிய சமூகம் என்று ஏற்கிறது. ஃபாரோவும் உப்புப் பாத்திகள் சூழ்ந்த கழிமுகத்து ஊர்தான். அந்த உடன்படிக்கை நம்மைக் கட்டுப்படுத்தாது. அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம்.

முதல் வேலையாக ஒரு கதவு திறக்கும் நாளைக் கேட்கிறேன். உலக மரபுரிமை வாரத்தை நாட்டில் நவம்பரில் கொண்டாடுகிறோம். நவம்பரில் நம் பாத்திகள் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும். உலக மரபுரிமை நாளான ஏப்ரல் 18 நமக்குப் பொருந்தும். அப்போது உப்பு விளைந்து வெள்ளையாகக் குவிந்திருக்கும். 1930இல் ராஜாஜியின் வேதாரண்ய யாத்திரை ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டு 30 அன்று உப்பு அள்ளியது. அந்த நாட்களுக்கு நடுவே இந்த நாள் வருகிறது. அன்று ஆலம்பரையிலிருந்து எடையந்திட்டு வரை கையெழுத்திட்ட நிர்வாகங்கள் சேர்ந்து வழி திறக்கட்டும். பாத்தியில் வழிகாட்டியாக நிற்பவர் அந்தப் பாத்தியில் வேலை செய்பவராக இருக்கட்டும். அந்த ஒரு நாள் வழிகாட்டுதலுக்கு அவருக்கு முழுக் கூலியும் கொடுக்க வேண்டும்.

மாணவர்களே, உடன்பாட்டுக்குக் காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாத்திகளின் பெயர், கருவிகளின் பெயர், நீர் முற்றும் பருவங்களின் பெயர், காற்றுகளின் பெயர், உப்பு வகைகளின் பெயர் ஆகியவற்றை வயதான தொழிலாளர்களிடம் கேட்டு எழுதுங்கள். பேசியவரின் ஒப்புதலோடு குரலையும் பதிவு செய்யுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்தம் கேளுங்கள். படிகள் கல்லூரி நூலகத்திலும், ஊராட்சியிலும், புதுச்சேரி ஆய்வு நிறுவனங்களிலும் இருக்கட்டும். செச்சொவ்லியெ உப்புக்காரர்களுக்கும் ஒரு படி அனுப்பலாம். பாசி விரிப்புப் பற்றி அவர்கள் எழுதுவார்கள். பணமும் கூட்டாளியும் எங்கிருந்து வந்தாலும், காட்டுவதற்கு நம் கையில் அந்த ஏடு முதலில் இருக்க வேண்டும். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை உப்பளத் தொழிலாளர் ஒருவர் நிகழ்த்த வேண்டும் என்றும், அவருக்கு இதே மேடையும் இதே மதிப்பூதியமும் தரப்பட வேண்டும் என்றும் அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.